இரண்டாவது கலயம்

அல்லிநகரத்துப் பருத்திக் கிட்டங்கியில் அந்த வருடம் ஒரு பொதிகூட இல்லை. மழை ஏமாற்றிவிட்டது. ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததிலிருந்து அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றுபோயிருந்தது. காலியாகக் கிடந்த கிட்டங்கிக்குள் பெஞ்சுகளைப் போட்டு, கஞ்சித்தொட்டி நடத்தப் போகிறவர்களுக்கு நிவாரணக் கமிட்டி பயிற்சி வகுப்பு வைத்தது. கஞ்சி ஊற்றவும் ஒரு படிப்பா என்று கடைத்தெரு சிரித்தது. அகப்பை பிடிக்கச் சொல்லிக்கொடுக்கப் பட்டணத்திலிருந்து ஆள் வந்திருக்கிறாராம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

சிரித்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வகுப்புக்கு ஒரு நியாயம் இருந்தது. முந்தின வருடம் கமிட்டி திறந்த தொட்டிகளில், அகப்பை பிடித்தவன் வீட்டுத் தூக்குச்சட்டிதான் முதலில் நிறைந்தது. அப்புறம் அவன் மச்சினன் வீட்டுச் சட்டி. வரிசையின் கடைசியில் நின்றவர்கள் அண்டாவின் அடியைச் சுரண்டுகிற சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒரு ஊரில் தொட்டிக் கஞ்சி எருமைக்குப் போனதாகவும் புகார் வந்தது. அதற்கப்புறம்தான் கமிட்டிக்காரர்கள் சுகிர்தம் என்பவரை அழைத்துவந்தார்கள். அவர் அநாதை விடுதிகளையும் ஆஸ்பத்திரிகளையும் நிர்வாகம் பண்ணிப் பழகியவர். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடி, சத்தம் போடாத குரல்.

"நல்ல மனசு வேற, நல்ல நிர்வாகம் வேற" என்று முதல் நாளே சொன்னார். "நல்ல மனசு இருக்கிறவன் முன்னால நிக்கிற நாலு பேருக்கு நிறைய ஊத்துவான். நிர்வாகம் தெரிஞ்சவன் கடைசி ஆளுக்கு மிச்சம் வைப்பான். நீங்க முகத்தைப் பார்க்காதீங்க, தலையைப் பாருங்க. நேர்ல வந்து நிக்கிற தலைக்குத்தான் கஞ்சி. அவருக்கு இவர் வாங்கிட்டுப் போறது, அந்த வீட்டுக்கு இந்த வீடு வாங்கிட்டுப் போறது, அங்கேதான் திருட்டு ஆரம்பிக்குது."

வகுப்பில் இருந்த ஒரே பெண் கிருபாவதி. ஜெயமங்கலத்துக்காரி, முப்பது தாண்டியவள், கல்யாணமாகாதவள். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சராக இருந்தாள். பசியில் பிள்ளைகள் வருவது குறைந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டிய பிறகு, கமிட்டிக்கு எழுதிப்போட்டு இடம் வாங்கினாள். கூடப் படித்த பெரிய மனிதர்கள், பொம்பளைக்கு இந்த வேலை எதற்கு என்று அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முன்பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஒரு நாள் சுகிர்தம் கிட்டங்கிக்குள்ளேயே ஒரு பொய் வரிசையை நிற்கவைத்தார். வெறும் அண்டா, வெறும் அகப்பை. ஒருவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் இரண்டு தடவை வாங்கப் பாருங்கள் என்று காதில் சொல்லி அனுப்பினார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டாம் தடவை வந்தவரைக் கிருபாவதி கையைப் பிடித்து நிறுத்தினாள். கிட்டங்கி முழுக்கக் கைதட்டியது. சுகிர்தம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தப்பு பண்றவங்களை எல்லார் முன்னாலயும் திருத்துங்க. ஒருத்தருக்குச் சொன்னா அத்தனை பேருக்கும் பாடம்" என்றார். அந்தக் கைதட்டல் கிருபாவதிக்கு இனித்தது. இனிக்கத்தானே செய்யும். அதுவரை அவளுக்கு யாரும் கைதட்டியதில்லை.

அவளைப் பொட்டிப்புரத்துக்கு அனுப்பினார்கள். பெரியாற்றுத் தண்ணீர் கம்பம் பக்கத்து வயல்களோடு நின்றுவிடும், பொட்டிப்புரத்துக் கரட்டடிக்கு ஏறாது. அந்த ஊர் வானத்தைப் பார்த்துக் கம்பும் சோளமும் விதைக்கிற ஊர். இரண்டு வருடமாக வானம் அவர்களைப் பார்க்கவில்லை. சாவடிக்கு முன்னால் அடுப்பு வெட்டி, மாயக்காள் என்ற வாய்த்துடுக்கான பெண்பிள்ளை கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். யார் கலயத்தை நீட்டினாலும் ஊற்றுவாள், கூடவே ஒரு திட்டும் கொடுப்பாள். கணக்கு வழக்கு எதுவும் கிடையாது.

கிருபாவதி வந்த வாரத்திலேயே எல்லாம் ஒழுங்காகிவிட்டது. தகரத்தை வெட்டி வில்லைகள் செய்து தலைக்கு ஒன்றாகக் கொடுத்தாள். கைக்குழந்தையானாலும் தூக்கிவந்து காட்டினால்தான் வில்லை. கயிறு கட்டி வரிசை. அண்டாவில் கஞ்சி எவ்வளவு என்று பார்த்து, அகப்பைக்கு அளவு சொல்லிக்கொடுத்தாள். உண்மையைச் சொல்லவேண்டும், பலன் கிடைத்தது. அதுவரை கடைசியில் நின்று வெறுங்கலயத்தோடு போய்க்கொண்டிருந்த கிழவர்களுக்கும் கஞ்சி கிடைத்தது. ஒரு கிழவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

படித்த பாடத்தில் ஒன்றுதான் பாக்கி இருந்தது. திருடன் இன்னும் அகப்படவில்லை. தேடுகிற கண்ணுக்கு எதுவும் அகப்படாமல் போகாது. பவுனு அகப்பட்டாள்.

பவுனு கூலி வேலைக்குப் போகிற பெண். புருஷன் வேலை தேடி மதுரைப் பக்கம் போயிருந்தான். வீட்டில் அவளும் ஒரு கைக்குழந்தையும்தான். ஆனால் அவள் இடுப்பில் ஒரு கலயம் இருந்தால், முந்தானைக்குள் இன்னொரு கலயம் இருந்தது. வில்லைகளைக் கொடுத்து முதல் கலயத்தில் வாங்கிக்கொள்வாள். பிறகு அண்டாவின் மறுபக்கமாகப் போய் மற்றதை நீட்டுவாள். மாயக்காள் தலை நிமிராமல் நிறைத்துவிடுவாள். கிருபாவதி இதை இரண்டு மூன்று நாள் கவனித்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை, வரிசை நிறைய ஆட்கள் நிற்கும்போது கூப்பிட்டாள்.

"பவுனு, இங்க வா. ரெண்டாவது கலயம் யாருக்கு?"

பவுனு மாயக்காளைப் பார்த்தாள். மாயக்காள் கஞ்சியைப் பார்த்தாள்.

"வேண்டிய ஆளுகளுக்குத்தான் டீச்சரம்மா."

"யாருன்னு கேட்டேன். அந்த ஆளு நேர்ல வரட்டும், வில்லை தர்றேன்."

"வர முடியாதவுக."

"நோயாளியா? வீட்டைக் காட்டு, நான் வந்து பாக்குறேன்."

"வேணாம்" என்றாள் பவுனு சட்டென்று. "நீங்க வர வேணாம்."

"பேரைச் சொல்லு. ஒரே ஒரு பேரு."

 பவுனின் இடுப்புக் குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அப்ப ரெண்டும் உனக்குத்தான். அப்படித்தானே?"

பவுனு தெருப்பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு, "ஆமா. எனக்குத்தான்" என்றாள்.

"உன் ஒரு வயித்துக்கு ரெண்டு கலயம். வரிசையில நிக்கிற இத்தனை பேரு வயித்துல அடிச்சிருக்கே. இது திருட்டு. எல்லாரும் கேட்டுக்கங்க, இதுக்குப் பேரு திருட்டு" என்று கிருபாவதி உரக்கச் சொன்னாள். இனிமேல் பவுனு வரிசையின் கடைசியில்தான் நிற்கவேண்டும், ஒரு கலயத்துக்கு மேல் கொண்டுவரக் கூடாது என்று தீர்ப்பும் சொன்னாள்.

வரிசை மூச்சு விடவில்லை. எல்லோரும் தன் பக்கம் இருக்கிறார்கள் என்று கிருபாவதி எடுத்துக்கொண்டாள். அல்லிநகரத்துக்கு எழுதிப் போட்டாள். மறு வாரம், பெட்ரோல் கிடைக்காமல் கரி எரித்து ஓட்டுகிற கரிவாயு பஸ்ஸில் புகையோடு வந்து இறங்கிய சுகிர்தம், கயிற்றையும் வில்லைகளையும் பார்த்து மகிழ்ந்துபோய், மற்ற தொட்டிக்காரர்களை இங்கே அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன் என்றார். அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது கிருபாவதி தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள். பாவம், அதுதான் அவள் அந்த ஊரில் சிரித்த கடைசிச் சிரிப்பு.

பவுனு தினமும் வந்தாள். கடைசியில் நின்றாள், ஒரு கலயம் வாங்கினாள், யார் முகத்தையும் பார்க்காமல் போனாள். நாளாக ஆகக் கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. திருடித் தின்றவளுக்குத் திருட்டு நின்றால் இளைக்கத்தான் செய்யும் என்று கிருபாவதி நினைத்தாள். நினைத்தாளே தவிர, அந்த நினைப்பு அவளுக்கே சரியாக ஒட்டவில்லை. அளவுக் கஞ்சி குடிக்கிற மற்றவர்கள் அப்படி இளைக்கவில்லையே.

ஒரு நாள் பவுனு அடுப்பருகே தலை சுற்றி விழுந்தாள். குழந்தை தெறித்து மண்ணில் உருண்டது. மாயக்காள் அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பவுனைத் தூக்கி உட்காரவைத்து, கஞ்சித் தெளிவை அவள் வாயில் ஊற்றினாள். கிருபாவதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "குடுக்கிற கஞ்சியைக் குடிக்காம என்ன பண்றா இவ?" என்று கேட்டாள்.

கேட்டிருக்கக் கூடாது. மாயக்காளுக்கு அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"என்ன பண்றாளா? ஆத்தாடி, கேள்வியப் பாரு! ஒரு கலயத்தப் பாதி பண்ணி, பாதிய அங்கன குடுத்துட்டு வாரா. மிச்சம் பாதியில புள்ளைக்குப் போக இவளுக்கு என்ன இருக்கும்? நீங்க திருடின்னு சொன்னீக. அந்தப் பேரையும் வாங்கிக்கிட்டா. அதுக்கு மேல என்ன பண்ணச் சொல்றீக?"

"எங்க குடுக்கிறா?"

"அதத்தான் சொல்லக் கூடாது."

"மாயக்கா, எனக்குத் தெரியணும்."

மாயக்காள் குரலைத் தாழ்த்தினாள். "போன தடவ முத்தாலம்மன் பொங்கலுக்கு இந்த ஊருக்கே சோறு போட்ட கை எதுன்னு வெளியூர்க்காரவுகளக் கேட்டாலும் சொல்வாக. போட்ட கை எப்படி இங்கன வந்து கயித்துக்குள்ள நின்னு ஏந்தும்?"

"நீயாவது எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? கஞ்சி வாங்குற வீட்டுப் பேரச் சொல்றதும் அந்த வீட்டுக்குக் கொள்ளி வைக்கிறதும் ஒண்ணுதான். நானும் பயந்துக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டேன். பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு, போங்க."

 கிருபாவதிக்கு இது தெரியாத விஷயம் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. ஜெயமங்கலத்தில் அப்பாவுக்கு வேலை இல்லாத நாட்களில், அம்மா வெறும் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுவாள். கூரை மேல் புகை தெரியவேண்டும் என்பதற்காக. புகை தெரியாவிட்டால் தெரு பேசும். அந்தப் புகைக்கு விறகு பொறுக்கியவளே கிருபாவதிதான். கிட்டங்கிப் பெஞ்சில் உட்கார்ந்ததும் அதையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டு, தலையை மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்டாள். சுகிர்தம் சொன்னது பொய்யில்லை. கண்ணிருந்தும் அதை இங்கே கண்ணை மூடிக்கொண்டு செய்தது இவள்தான்.

அது சங்கிலியம்மாள் வீடு என்று கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. புருஷன் பட்டாளத்தில் இருந்தான், எந்த நாட்டில் என்று தெரியாது. ஊரில் அதிகமான மானாவாரி நிலம் அவர்களுடையது. வெடித்துக் கிடக்கிற நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாடுகளும் போய்விட்டன. மூன்று பெண்பிள்ளைகள். பவுனு வீட்டுக்கு அடுத்த வீடு.

நியாயமாகப் பார்த்தால் கிருபாவதி பவுனிடமே கலயத்தைக் கொடுத்திருக்கவேண்டும். அது அவளுக்குத் தோன்றவில்லை. குற்றம் செய்த மனசுக்கு அவசரம் அதிகம். தானே கொண்டுபோய்க் கொடுத்தால்தான் ஆறும் என்று நினைத்தது. மத்தியானத்தில், கலயத்தை முந்தானையால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் தெருவில் நடந்தாள். டீச்சரம்மா இடுப்பில் கலயத்தோடு போவதை யார் பார்க்காமல் இருப்பார்கள்? இரண்டு பக்கமும் வாசலில் தலைகள் நீண்டன. மூடிய முந்தானை எதையும் மறைக்கவில்லை என்பது பாதித் தெரு தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பினால் இன்னும் கேவலம். நடந்தாள்.

சங்கிலியம்மாள் வாசலுக்கு வந்தாள். உயரமான பெண், வெளுத்த சேலையை நன்றாகக் கட்டியிருந்தாள். கலயத்தைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். முகம் ஒரு நொடி செத்துப்போய்த் திரும்பியது. பிறகு தெருக்கோடிவரை கேட்கும்படி சொன்னாள்:

"வாங்க டீச்சரம்மா! இப்பத்தான் நம்ம வீட்டுக்கு வழி தெரிஞ்சதா? சரியா உண்ணுற நேரத்துக்கு வந்திருக்கீக, உள்ள வாங்க!"

உள்ளே போனதும் கலயத்தை அவளே கையிலிருந்து வாங்கினாள். பாயை விரித்தாள். வெண்கலக் கும்பாவைக் கழுவி எடுத்துவந்து, கலயத்துக் கஞ்சி முழுவதையும் அதில் ஊற்றினாள். ஒரு சின்ன வெங்காயத்தை உரித்து ஓரத்தில் வைத்தாள். கும்பாவைக் கிருபாவதிக்கு முன்னால் நகர்த்தினாள். கதவு மட்டும் அகலத் திறந்தே இருந்தது.

"சாப்பிடுங்க."

"அக்கா, இது பிள்ளைகளுக்கு…"

"புள்ளைக இப்பத்தான் சாப்பிட்டுச்சுக" என்று உரக்கச் சொன்னாள் சங்கிலியம்மாள். "ஏன், எங்க வீட்டுல கை நனைக்க மாட்டீகளா?"

சுவரோரமாக இரண்டு சின்னப் பெண்குழந்தைகள் நின்றிருந்தன. வீட்டுக்கு வந்தவர்கள் சாப்பிடும்போது வாயைப் பார்க்கக் கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள். ஒன்று கூரையைப் பார்த்தது. மற்றது தன் காலைப் பார்த்தது. பார்க்காமல் இருக்க அவை பட்ட பாட்டைக் கிருபாவதி பார்த்தாள். வேண்டாம் என்று எழுந்துவிட்டால், இந்த வீட்டில் ஒன்றுமில்லை என்று அவளே தெருவுக்குச் சொன்னதாகிவிடும். வேறு வழியில்லை. கும்பாவைத் தூக்கிக் குடித்தாள்.  வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள். இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன் என்று உள்ளுக்குள் அழுதுகொண்டே, மிச்சம் வைக்காமல் குடித்தாள். மிச்சம் வைத்தாலும் அது மரியாதைக் குறைவு.

"வீட்டுல மூணு பொண்ணுன்னு சொன்னாங்களே" என்றாள், ஏதாவது பேசவேண்டுமே என்று.

"மூத்தவ பஞ்சம்மா மாமன் வீட்டுக்குப் போயிருக்கா" என்று சத்தமாகவே பதில் வந்தது. பிறகு முற்றத்தில் அவள் கைகழுவத் தண்ணீர் ஊற்றும்போது, சங்கிலியம்மாள் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "மாமனும் இல்ல, மச்சானும் இல்ல. தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கண்காணி கூட மல மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போயிட்டா. நீங்க பவுனப் பிடிச்சு நிறுத்துனீகள்ல, அதுக்கு மறு வெள்ளிக்கிழம. வீட்டுல ஒரு வாயாச்சும் கொறையட்டும்னு சொல்லிட்டுப் போயிட்டா. பதினஞ்சு வயசு. அங்கன காட்டுக் காய்ச்சலாமே, டீச்சரம்மா? நீங்க படிச்சவுக, சொல்லுங்க. ரொம்பக் கெட்ட காய்ச்சலா?"

அதில் ஏச்சு இல்லை. நிஜமாகவே கேட்டாள். ஏசியிருந்தால் கிருபாவதி தாங்கியிருப்பாள். "எல்லாருக்கும் வராது அக்கா" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

சங்கிலியம்மாள் கலயத்தைக் கழுவினாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. உள்ளே போய் ஒரு கை கம்பு அள்ளிவந்து கலயத்தில் போட்டு, வாசல்வரை வந்து, தெரு பார்க்கக் கொடுத்தாள். சாவடிக்குத் திரும்பிய பிறகுதான் கிருபாவதி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். விரலெல்லாம் சாம்பல் ஒட்டியது. சாம்பல் கலந்து வைப்பது விதைக் கம்பைத்தான்.

மறுநாள் கஞ்சி ஊற்றத் தொடங்கும் முன் கிருபாவதி வரிசைக்கு முன்னால் போய் நின்றாள். 

"ஒரு சேதி சொல்லணும். பவுனைத் திருடின்னு சொன்னேன். அது என் தப்பு. அவ திருடலை. நேத்து நான் ஒரு கலயம் கஞ்சி எடுத்துட்டுப் போனதை எல்லாரும் பாத்தீங்க. அதைக் குடிச்சது நான்தான். சங்கிலியம்மா வீட்டுல உக்காந்து, அவங்க குடுத்த வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டு நானே குடிச்சேன். சந்தேகம்னா போய்க் கேட்டுக்கங்க. இனிமேலும் எனக்கு ஒரு கலயம் வேணும். பவுனு வாங்கிக் குடுப்பா. ரெண்டாவது கலயம் எனக்கு."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. "ஊருக்கு அளந்து ஊத்த வந்தவுகளுக்கே பசியாக்கும்!" என்று ஒருத்தி சொல்ல, சிலர் சிரித்தார்கள். அன்றைக்கு அவளைக் கும்பிட்ட கிழவர் தரையில் காறித் துப்பினார். சங்கிலியம்மாள் வீட்டுச் சங்கதி அந்த வரிசையில் ஒருவருக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்ததைத் தெரியாததாக வைத்து நடப்பதில் அந்த ஊர் கெட்டிக்கார ஊர். வில்லை கொடுத்தவளுக்குத்தான் அது பிடிபட இத்தனை நாள் ஆயிற்று. பவுனு வீட்டுக்குப் போய் மற்றொரு கலயத்தை எடுத்துவந்தாள். மாயக்காள் இரண்டையும் தளும்ப ஊற்றினாள்.

பொட்டிப்புரம் வாயை மூடிக்கொள்ளும், பக்கத்திலிருக்கிற போடிச் சந்தை மூடிக்கொள்ளுமா? சேதி அல்லிநகரத்துக்குப் போய்விட்டது. சுகிர்தம் வந்தார். சாவடிக்குள் அவளை உட்காரவைத்து, தான் நின்றுகொண்டே கேட்டார்.

"தொட்டிக் கஞ்சியை நீங்க குடிச்சீங்கன்னு சொல்றாங்க. பொய்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் நம்புறேன்."

"பொய் இல்ல சார். குடிச்சேன்."

"தினமும் ஒரு கலயம் போகுதாமே. யாரைக் காப்பாத்துறீங்க? பேரைச் சொல்லுங்க. ஒரே ஒரு பேர் போதும், உங்க வேலையை நான் காப்பாத்துறேன்."

ஒரே ஒரு பேர். அதே வார்த்தையை, இதே சாவடிக்கு முன்னால், அவளும் பவுனிடம் கேட்டிருந்தாள். பவுனு எப்படி நின்றாள் என்பது இப்போது விளங்கியது.

"எனக்குப் பசிச்சுது சார்."

சுகிர்தம் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் இல்லை, உண்மையாகவே வருத்தப்பட்டார். "என் வகுப்புல நீங்கதான் நல்லாப் படிச்சவங்க" என்றார்.

"ஆமா சார். நல்லாத்தான் படிச்சேன்" என்றாள் கிருபாவதி.

தானியம் வைத்திருந்த அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். அவள் இடத்துக்கு ஒரு பழைய கர்ணம் வருவார் என்றார்கள். கிட்டங்கி வகுப்பில் பின்பெஞ்சில் குறட்டை விட்டவர். மாயக்காளுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனுசன் தூங்கி எழுவதற்குள் நான் எத்தனை கலயம் வேண்டுமானாலும் ஊற்றிவிடுவேன் என்றாள். அந்த மட்டில் கிருபாவதிக்கு ஒரு நிம்மதி.

மெட்டுக்குப் போகிற பாதையில் ஒரு கண்காணியைப் பிடித்து, பஞ்சம்மாளைத் திருப்பி அனுப்ப முடியுமா என்றும் கேட்டுப் பார்த்தாள். காய் பறித்து முடிக்காமல் யாரும் இறங்க முடியாது, இறங்குவதற்கு ஆள் இருந்தால் தையில் பார்க்கலாம் என்று அவன் சொன்னான். இருந்தால் என்கிற சொல்லை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்.

ஊரைவிட்டுப் போகிற அன்று, பையில் இருந்த கம்பு முடிச்சைக் கையில் எடுத்துக்கொண்டு கிருபாவதி சங்கிலியம்மாள் வீட்டுப் பக்கம் போனாள். தெருமுனையில் பவுனு இரண்டு கலயத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

"எங்க போறீக?"

"சங்கிலியம்மாவைப் பாத்துட்டுப் போறேன் பவுனு. காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கணும். இந்த விதைக் கம்பையும் குடுத்துரணும்."

பவுனு நின்றாள். திருடி என்று கேட்ட நாளிலிருந்து அவள் கிருபாவதியை நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான்.

"அங்கன போகாதீக. போனா வாங்கன்னு கூப்பிடுவாக. பாய விரிப்பாக. இந்தா, இந்தக் கலயத்துல இருக்கிறத அந்தக் கும்பாவுல ஊத்தி உங்களுக்குத்தான் வைப்பாக. நீங்க மன்னிப்புக் கேட்டுட்டு நல்லா இருப்பீக. அந்தப் புள்ளைக இன்னைக்கும் பட்டினி."

"வாசல்லயே நின்னு…"

"அவுக வீட்டு வாசல்ல யாரும் நின்னுட்டுப் போனதில்ல."

"இந்தக் கம்பையாவது நீ வாங்கிக்க பவுனு."

"குடுத்ததத் திருப்பி அனுப்புனா, பெறகு நான் கொண்டுபோற கலயத்துக்கும் கதவு தெறக்காது."

கிருபாவதி வழிவிட்டு ஒதுங்கினாள். பவுனு இரண்டாவது கலயத்தின் மேல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தெருவுக்குள் போனாள். கேட்க வந்த மன்னிப்பையும் கொடுக்க வந்த விதையையும் அப்படியே எடுத்துக்கொண்டு கிருபாவதி பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள்.